உள்ளே வரும் முகம்

கூடத்துக்கு இரண்டு கதவுகள். தெருவைப் பார்த்த முதல் கதவு கண்ணாடி. அதைத் தள்ளிக்கொண்டு வந்தால் கம்பளம் விரித்த சின்ன நடை. நடையின் மறுகோடியில் இரண்டாவது கதவு, கனத்த மரம், விளிம்பெல்லாம் ரப்பர் வைத்தது. அது திறந்தால் உள்ளேயிருந்து சூதாட்ட மெஷின்களின் சத்தம் கரை உடைத்த மாதிரி வரும். மூடினால் கத்தரித்தாற்போல நின்றுவிடும். இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் ஒரு மேசையையும் உயரமான நாற்காலியையும் போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

வருகிறவர்களை வரவேற்பது அவள் வேலை இல்லை. முகம் பார்ப்பதுதான் வேலை. 'இனி நானே வந்து கேட்டாலும் என்னை உள்ளே விடாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அதற்குத் தடை போட்டுக்கொள்வது என்று பெயர். ஒரு வருஷத்துக்குச் செல்லும். பிறகு அவர்களே நேரில் வந்து புதுப்பித்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் மறுநாளிலிருந்து மற்றவர்களைப் போல உள்ளே போகலாம். எழுதிக் கொடுக்கிற அன்றே, நடையை ஒட்டியிருக்கும் பதிவு அறையில் ஒரு படம் எடுப்பார்கள். அந்தப் படங்கள் அவள் மேசைக்குப் பின்னால், வருகிறவர்களின் கண்ணில் படாதபடி ஒரு பலகையில் குத்தியிருக்கும். பலகையிலிருக்கும் முகம் வாசலில் வந்து நின்றால் எழுந்து போய், மற்றவர்களுக்குக் கேட்காமல், மரியாதையாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

வாசலில் சில வருஷம் உட்கார்ந்தபிறகு மனிதர்களை ரகம் பிரிப்பது அவளுக்குத் தானாகவே வந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு, சட்டைக் கையில் மாவோடு வருவார். கூடத்தை வேறு தெருவில் கட்டியிருந்தால் அவர் ஆடியிருக்கவே மாட்டார். வீட்டுக்குப் போகிற வழியில் இருந்தது, கூட வேலை செய்தவர்கள் ஒருநாள் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். வேன் ஓட்டுகிற ஓர் இளைஞன் வருவான். அவனுக்குக் கால் தரையில் பாவாது. மழை நாளில் கண்ணாடிக் கதவில் எந்தத் துளி முதலில் கீழே இறங்கும் என்று அவளிடமே பந்தயத்துக்கு நிற்பான். துணிக்கடையில் வேலை செய்யும் அம்மா ஒருத்தி, மகனைப் பறிகொடுத்தவள். மூலை மெஷினில் போய் உட்கார்ந்தால் திரையைக்கூடப் பார்க்க மாட்டாள். ஒருமுறை பக்கத்திலிருந்தவர் தோளைத் தொட்டு, 'அம்மா, உங்களுக்கு விழுந்திருக்கு' என்று சொல்ல வேண்டியிருந்ததாம். எங்கேயோ கனவில் கேட்ட மாதிரி திரும்பினாளாம்.

வாசல்காரர்களுக்கு என்று சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து வகுப்பு எடுத்தார். அவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். பழக்கம் இழுத்துக்கொண்டு வந்தவர்கள், துக்கத்தைச் சுமந்துகொண்டு வந்தவர்கள், பிறவியிலேயே கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாதவர்கள் என்று பெரும்பாலும் மூன்று. மெஷினின் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் மூன்றிலும் உண்டு என்றார். ஒருவருக்கு ஆகிற வைத்தியம் இன்னொருவருக்கு ஆகாது என்பதால்தான் பிரித்துப் பார்க்கிறோம் என்றும் சொன்னார். நிதானமான பேச்சு. அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதனால்தான் வழக்கத்துக்கு மாறாகக் கையைத் தூக்கிவிட்டாள்.

"துக்கம் தீந்துபோன பிறகும் ஆடறவங்க எந்த ரகம் டாக்டர்?"

டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கையில் வாங்கிப் பார்ப்பதுபோல் இருந்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல. பொதுவாக் கேட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒட்டகம் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவளோடு வாசல் வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறவன் அவன். அவள் வேலை முடிகிற மாலைகளிலும், அவளுக்கு விடுமுறையான புதன்கிழமைகளிலும் அவன்தான் அந்த உயர நாற்காலியில். நல்ல உயரம், நீண்ட கழுத்து, ஒருவரையும் புண்படுத்தாத சுபாவம். அந்தப் பேரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை, கூப்பிட்டால் அவனே திரும்புவான். 'அக்கா இன்னிக்கு வகுப்புல பேசிட்டாங்க, மழை வரும்' என்று அன்று அவளைக் கேலி செய்தான்.

பலகையின் இரண்டாவது வரிசையில் மூன்று நாள் தாடியோடு, வீங்கிய கண்களோடு, ஒரு பக்கம் மடிந்துபோன காலரோடு இருந்த படம் அவளுடைய அப்பா என்பது ஒட்டகத்துக்குத் தெரியாது. பதிவு அறையில் வேலை செய்யும் அம்மாவுக்கு மட்டும் தெரியும். 'வெளிய சொல்லிடாதீங்க' என்று அவள்தான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா லிப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதில் பேர் வாங்கியவர். உள்ளே இருக்கிறவர்கள் கத்தினால் இவர் கத்த மாட்டார். கதவில் வாயை வைத்து, 'நான் வந்துட்டேன், இனி நீங்க வெளிய வந்த மாதிரிதான்' என்பார். அப்படிப்பட்டவரை அம்மாவின் நோய் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. சோதனை, அதன் முடிவுக்காகக் காத்திருப்பது, மறுபடி சோதனை. எதைக் கேட்டாலும் 'பாக்கலாம்' என்றார்கள். அந்த நாட்களில்தான், ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் இறங்கி, அவர் கூடத்துக்குள் நுழைந்திருக்கிறார். அவள் அப்போது வேறு ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா பிழைத்துக்கொண்டாள். பிழைத்தது மட்டுமில்லை, முன்னைவிடச் சதை போட்டு, முன்னைவிட வாயும் வளர்ந்து வீட்டுக்கு வந்தாள். அப்பா மட்டும் இன்னும் அங்கேயே எதற்கோ காத்திருக்கிற மாதிரி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா பேரிலிருந்த வீடு போயிற்று. இரண்டு பேரும் பெட்டியோடு மகளின் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்தார்கள். அப்பா ஒருநாள் தாமாகவே கூடத்துக்கு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் பதிவு அறைக்குள் போய்த் தடை போட்டுக்கொண்டார். அன்று எடுத்த படம்தான் அது. அந்தக் கூடத்தைத் தலை முழுகியாகிவிட்டது என்று அம்மா எதிர்வீட்டாரிடம் சொல்லிக்கொண்டாள். வீடு மெல்ல மூச்சு விட ஆரம்பித்தது.

அந்த வருஷத்தில் அவளுக்கு ஒரு தவறு நேர்ந்தது. துணிக்கடை அம்மா தடை போட்டுக்கொண்டு சில மாதம் ஆகியிருந்தது. ஒரு மதியம் நல்ல கூட்டம். சிவப்புப் பூப்போட்ட உடையில், தலையை ஒழுங்காக வாரி, கண்ணெல்லாம் வெளிச்சமாக ஒருத்தி வந்தாள். இவளைப் பார்த்துச் சிரித்தாள். இவளும் சிரித்துவிட்டு உள்ளே விட்டாள். இவள் வேலை முடிகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு அந்த உடை வெளியே வந்தது. முடி கலைந்து, வாய் கோணி, கண் எங்கோ நிலைத்து. அப்போதுதான் அது துணிக்கடை அம்மா என்று இவளுக்குத் தெரிந்தது. பலகையைத் திரும்பிப் பார்க்கவே தேவைப்படவில்லை. படத்திலிருந்தது அந்த முகம்தான், வெளியே வந்த முகம். தோற்று, எல்லாம் விட்டு, இனி போதும் என்று எழுதிக் கொடுக்க வந்த அன்றைய முகத்தைத்தானே படமெடுத்திருந்தார்கள். திரும்பி ஆட வருகிறவர்கள் அந்த முகத்தோடு வருவதில்லை. அவர்கள் குளித்து, நல்ல சட்டை போட்டு, இன்றைக்கு ஏதோ நடக்கப்போகிறது என்ற முகத்தோடு வருகிறார்கள்.

அன்றிரவு சாப்பிடும்போது அதை வீட்டில் சொன்னாள். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா 'அடிப் பாவமே' என்று தட்டைத் தள்ளி வைத்தாள். அப்பாவின் கை சாப்பாட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. வெகுநேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவோடு உட்கார்ந்தால் அப்படிப்பட்ட மௌனங்கள் வரும், அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைய மௌனத்தில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

"வெளிய வரும்போது அந்தம்மா உன்னப் பாத்தாங்களா?" என்று கேட்டார் கடைசியில்.

"பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஏன் விட்டேன்னு கேக்கற மாதிரி இருந்துச்சு."

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டார். அவருடைய பழைய காயத்தைக் கிளறிவிட்டோம் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அதற்குமேல் அதில் ஏதும் இருக்கும் என்று தோன்றவில்லை.

வருஷம் முடிகிற நாள் நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் குறைந்தது. அப்பா வந்து புதுப்பிக்க வேண்டும். வராவிட்டால் மறுநாள் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வரலாம், அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மகள் என்ற முறையில் வாசலில் தடுக்க அவளுக்கு உரிமை கிடையாது. கேட்டுவிடலாம் என்று பலமுறை வாய் வரைக்கும் வந்தது. அப்பாவைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று விழுங்கினாள். அவர் ஒழுங்காக வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். சில மாதம் முன்பு வரைக்கும் அம்மாதான், 'புதன்கிழமையானா இந்த லிப்ட்டுக்கெல்லாம் என்ன பேய் பிடிக்குதோ, அன்னிக்குன்னு பாத்துத்தான் இவரைக் கூப்பிட்டு விடுது. மக வீட்டுல இருக்கற ஒரு நாளும் இவரு வீடு தங்கறதில்ல' என்று குறைப்பட்டுக்கொள்வாள். அப்பா சிரித்துக்கொண்டே சாமான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

கடைசி நாள் காலையில், செருப்பை மாட்டும்போது, அவள் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்குத்தான்பா கடைசி."

"தெரியும் பாப்பா" என்றார்.

மேலே ஏதாவது சொல்வார் என்று வார்களை அவிழ்த்து மறுபடி மாட்டினாள். அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

அன்று முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தாள். ரொட்டிக்கடைக்காரர் வந்தார். வேன்காரன் வந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், எல்லாரும் கணக்கு வாத்தியார் என்று கூப்பிடுகிறவர், இடுக்கில் குடையை வைத்துக்கொண்டு வந்தார். அப்பா வரவில்லை. வெயில் தாழ்ந்தபோது அம்மா போன் செய்தாள்.

"உங்கப்பா சவரம் பண்ணி, தலைக்கு மை அடிச்சு, அந்த நீலச் சட்டையத் தானே தேச்சுப் போட்டுக்கிட்டுக் கிளம்பறாருடி. புதுமாப்பிள்ளை தோத்தான். எங்கன்னு கேட்டா சிரிக்கிறாரு. எனக்கு என்னமோ பக்குனு இருக்கு."

"நான் பாத்துக்கறேன்மா" என்று வைத்துவிட்டாள்.

புதுப்பிக்க வருகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, வேலைக்குப் போட்ட சட்டையோடு, சட்டென்று வந்து சட்டென்று போவார்கள். மை அடித்துக்கொண்டு வர மாட்டார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீலச் சட்டை தெரிந்தது. அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கன்னம் பளபளத்தது. பல நாளாக அவள் வீட்டில் பார்க்காத ஒரு துள்ளல் நடையில் இருந்தது. அவருக்குப் பின்னால் கணக்கு வாத்தியார், ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறவர், இன்னும் இரண்டு பேர். அவள் நாற்காலியிலிருந்து இறங்கி நடையின் நடுவில் போய் நின்றாள். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. குரல் அதன்போக்கில் உயர்ந்துவிட்டது.

"சார், உங்களுக்கு உள்ள அனுமதி இல்ல."

எல்லாரும் நின்றார்கள். அப்பாவை அவள் வாழ்நாளில் முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டிருந்தாள். அந்தச் சொல் இரண்டு பேருக்கும் நடுவில் கீழே விழுந்து கிடந்த மாதிரி இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"விடும்மா, பெரிய மனுஷன். நல்லாத்தானே இருக்காரு" என்றார் கணக்கு வாத்தியார்.

"நான் உள்ள போகல. பதிவு அறைக்குத்தான் வந்தேன்" என்றார் அப்பா.

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

அப்பா அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. மாட்டிக்கொண்ட லிப்ட்டின் வெளியே நின்று, உள்ளே இருப்பவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று காது கொடுத்துக் கேட்பவரின் பார்வை அது.

"சரிங்க. நீங்க சொல்ற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்" என்றார். அவரும் அவளை முதல்முறையாக 'நீங்க' என்றார். அதில் கேலி இருந்ததா என்று தெரியவில்லை. மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். மரக்கதவு திறந்து, சத்தம் கொட்டி, மூடியது.

பதிவு அறை அம்மா தலையை நீட்டினாள். "வந்துட்டாரா? மதியமே போன் பண்ணிச் சொன்னாரும்மா. உள்ள அனுப்பு" என்றாள். பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "நீயும் வா. கதவத் திறந்தே வச்சா நடை இங்கேருந்து தெரியும்" என்றாள்.

கையெழுத்துப் போடுவது சீக்கிரம் முடிந்தது. அவளுக்குத் தலை நிமிரவில்லை. நாலு பேர் முன்னால் அப்பாவை அவமானப்படுத்திவிட்டோம், அவர் நாள் தவறாமல் புதுப்பிக்க வந்திருக்கிறார், இது தெரியாமல் போயிற்றே என்று காது மடல் எரிந்தது. பதிவு அறை அம்மா சுவரோரம் அவரை நிறுத்திக் கேமராவை எடுத்தாள். கேமராவின் முன்னால் அப்பாவின் முகம் தானாகத் தொங்கிப்போயிற்று. சவரமும் மையும் இருந்தாலும் அது பழைய படத்திலிருந்த முகம்தான்.

"இது வேண்டாம்மா. கொஞ்சம் பொறுங்க" என்றார் அப்பா.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"இந்த முகத்த வச்சுக்கிட்டு என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது."

அவள் மெதுவாக நிமிர்ந்தாள்.

"யாருப்பா கண்டுபிடிக்கல?"

அவர் சட்டையின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"புதன்கிழமை உக்காருவாரே, நெட்டையா ஒருத்தர். நல்ல மனுஷன். வாங்க சார்னு எழுந்து நின்னு கதவத் திறந்து விட்டாரு."

"எத்தனை தடவை?"

"ரெண்டு" என்றார். கொஞ்சம் கழித்து, "மூணு" என்றார். மறுபடி வாயைத் திறந்தார். பிறகு, "நீ அந்தத் துணிக்கடைக்காரம்மாவப் பத்திச் சொன்ன அன்னிக்கு முன்னாடி வரைக்கும்" என்று முடித்துக்கொண்டார்.

அவளுக்கு அம்மாவின் கேலி காதில் கேட்டது. புதன்கிழமையானால் மாட்டிக்கொள்ளும் லிப்ட்டுகள்.

"அவருக்கு நான் யாருன்னு தெரியாதுன்னு எனக்குத் தெரியும் பாப்பா. நீ சொல்லியிருக்க மாட்டேன்னு தெரியும். சொல்லாம இருக்கறது தப்பில்ல, யாராயிருந்தாலும் சொல்ல மாட்டாங்க. ஆனா அந்தத் தைரியத்துலதான் வந்தேன்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது நேராக வந்து தைத்தது. 'பொதுவாக் கேட்டேன்' என்று டாக்டரம்மாவிடம் சொன்னபோது ஒட்டகம் பக்கத்திலேயே இருந்தான். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் வெட்கப்பட்டிருந்தாள். அவளுடைய வெட்கம் வழிவிட்ட சந்திலேயே அப்பா அத்தனை தடவையும் உள்ளே போய் வந்திருக்கிறார்.

"அம்மாதான் பிழைச்சுட்டாங்களேப்பா. அப்பறமும் ஏன்?" என்றாள். பல வருஷமாகக் கேட்க வேண்டும் என்றிருந்த கேள்வி. கேட்டபோது குழந்தைக் குரலாக வந்தது.

அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஆஸ்பத்திரியில எதைக் கேட்டாலும் பாக்கலாம்னு சொல்லுவாங்க. பாக்கலாம், பாக்கலாம். இங்க ஒரு பொத்தான அமுக்கினா ஆமா இல்லன்னு அப்பவே சொல்லிடுது. இல்லைன்னாகூடப் பரவால்ல, சொல்லிடுதில்ல. அது ஒண்ணுக்காகத்தான் முதல்ல வந்தேன். உங்கம்மா நல்லாயிட்டா. நான் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கேன். என்னத்தக் கேக்கறேன்னு மறந்துபோச்சு."

பதிவு அறை அம்மா கேமராவில் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வரும்போது உள்ள வர்ற மாதிரியே கிளம்பி வந்தேன்" என்றார் அப்பா. "அதே சட்டை, அதே மை. கதவத் தள்ளும்போது இருந்துச்சு, எனக்கே தெரிஞ்சுது. நீ வந்து நின்னதும் போயிடுச்சு. அந்த முகத்த எடுத்து மாட்டினாத்தான் அடுத்த தடவை யாராவது என்னை நிறுத்துவாங்க."

சிரிக்கச் சொன்னாள் பதிவு அறை அம்மா. சிரித்தார். 'இது கல்யாண வீட்டுச் சிரிப்பு, இது இல்ல' என்று அவரே தலையை ஆட்டினார். கண்ணை மூடித் திறந்து பார்த்தார். வேறு எங்கோ நினைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. உண்மையைச் சொல்லி முடித்த முகம் பொய் சொல்ல மறுத்தது.

அவள் அறையைவிட்டு வெளியே போனாள். நடையில் யாரும் இல்லை. மரக்கதவின் பிடியில் கை வைத்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவை யாருக்காகவும் அவள் திறந்து கொடுத்ததில்லை, வருகிறவர்கள் அவர்களே தள்ளிக்கொண்டு போவார்கள். திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த அறைக் கதவின் வழியாக அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்வார் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை.

கதவை ஒரு சாண் திறந்தாள்.

சத்தம் நடையில் பாய்ந்தது. மணிகள், துள்ளும் இசை, எங்கோ யாருக்கோ விழுந்து காசு கொட்டுகிற கலகலப்பு. அது அப்பாவிடம் போய்ச் சேர்ந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். தோள் நிமிர்ந்தது. நெற்றியின் கோடுகள் யாரோ தடவிவிட்டதுபோல் மறைந்தன. உதடு லேசாகப் பிரிந்தது. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து நின்றது. பத்து வயது குறைந்த அப்பா, அழகான அப்பா. அம்மாவுக்கு இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று அவர் முகத்தில் இதைத்தான் அவள் தேடியிருந்தாள். அன்று அது அங்கே இல்லை.

"இப்ப எடுங்க" என்றாள்.

வெளிச்சம் ஒருமுறை மின்னியது. அவள் கதவை இழுத்து மூடினாள். சத்தம் நின்றது. அப்பாவின் முகம் மட்டும் உடனே நிற்கவில்லை. அது அடங்கி, வயசெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்காரும் வரைக்கும் மூன்று பேரும் அப்படியே நின்றிருந்தார்கள். பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பதிவு அறை அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதிதான் குடிக்க முடிந்தது.

"அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ சொல்லிடாத" என்றார்.

"சரிப்பா."

"எதிர்ப்பக்கம் நிக்கிறேன். முடிச்சுட்டு வா, சேர்ந்து போலாம்."

அவள் கண்ணாடிக் கதவு வரைக்கும் அவரோடு போனாள். அவர் தெருவைக் கடந்து, சாத்தியிருந்த ஒரு கடையின் வாசலில், கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

படம் வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அவளே குத்தினாள். அந்தப் பலகையில் இருந்தவர்களெல்லாம் அழுது முடித்தவர்கள். நடுவில் ஒரே ஒரு ஆள், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல், பிரகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒட்டகம் வேலைக்கு வந்தான். பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வழக்கம்போலப் பலகையை ஒரு பார்வை பார்த்தான். இரண்டாவது வரிசையில் கண் நின்றது. நீண்ட கழுத்தை இன்னும் நீட்டினான்.

"இவரு புதன்கிழமை வர்றவராச்சேக்கா" என்றான். பிறகு குரல் இறங்கிப்போயிற்று. "இவரா? இங்க இருந்தாரா? நான் எழுந்து நின்னு கதவத் திறந்து விட்டிருக்கேன்கா."

"தெரியும். உன் தப்பு இல்ல."

"எப்படிக்கா உங்களுக்கு..."

அவள் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நீலச் சட்டையின் முதுகு தெரிந்தது. விதி என்று ஒன்று இருந்தது, பழக்கம் என்று ஒன்று இருந்தது, ஒரு வருஷமாகத் தொண்டையிலேயே கிடந்த வார்த்தை ஒன்றும் இருந்தது.

"நல்லாப் பாத்து வச்சுக்கோ" என்றாள். "எங்கப்பா."